வெண்காரமும் கண்ணாடியும்

கூலாய்க்குக் கிழக்கே உள்ளது கோத்தா திங்கி. அப்பகுதியில் ஓடும் ஜொகூர் ஆற்றங்கரைகளில் கிடைத்த பழைய மணிகளை, ஜொகூரில் அலுவல் பார்த்த ஆங்கிலேயர் ஜெரால்டு கார்டினர் திரட்டினார். பண்டைக் கடல் வாணிகத்திற்கு அவை சான்றாகும் என 1937ஆம் ஆண்டு கட்டுரையும் எழுதினார்.

மணித்தொழில் தமிழர்க்குப் புதியதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு உலகறிந்தது. அங்கே, உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணிகள் செய்தனர். இம்முறை ஆந்திரத்தின் பாபநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் வழங்கியது. நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். கூரிய விளிம்புகள் மழுங்கி உருண்டையாகும். சாம்பல் இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது.

மணி சிறியது, ஆதலால் எளிதில் வெடிப்பதில்லை. பெரிய கலத்திற்கோ அந்த நற்பேறு இல்லை. கண்ணாடியின் பகை வெப்பமன்று. ஒருபுறம் சூடும் மறுபுறம் குளிர்ச்சியுமாக இருப்பதே பகை. சூடான பகுதி விரியும். குளிர்ந்த பகுதி விரியாது. இவ்விழுபறியில் கண்ணாடி வெடிக்கிறது. மெல்ல ஆறவிடுதலே பழங்கைவினைஞர் கண்ட மருந்து.

வேறொரு மருந்து பொற்கொல்லர் பட்டறையிலேயே இருந்தது. ஊதுகுழலால் சுடரைக் கூராக்கி நகையைப் பற்றவைக்கும்போது அவர் இடும் வெண்காரமே அது. அதிலுள்ள தனிமம் போரான். ஐரோப்பியக் கைவினைஞரும் எண்ணெய் விளக்கின் சுடரை மிதிதுருத்தியால் ஊதிக் கண்ணாடியை இளக்கினர். விளக்குத் தொழில் என்ற பெயர் இதனால் வந்தது. ஆயினும் போரானைக் கண்ணாடிக்குள்ளேயே சேர்த்து வெடிப்பைத் தடுக்கும் வழி நெடுங்காலம் துலங்கவில்லை.

செர்மனியின் யேனா நகரில் 1884இல் ஆய்வுக்கூடம் நிறுவிய ஓட்டோ ஷாட் அவ்வழியைக் கண்டார். போரோசிலிக்கேட் கண்ணாடி பிறந்தது. அமெரிக்காவில் 1915இல் அது பைரெக்ஸ் என்னும் பெயரில் அடுக்களைக்கும் வந்தது. இன்று வழங்கும் இவ்வகையில் நூற்றுக்கு 80 பங்களவு சிலிக்கா, 13 பங்களவு போரான் ஆக்சைடு. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணச் சோடாக் கண்ணாடிக்கோலை 100 பாகை சூடேற்றினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீளும், இதுவோ 0.33 மில்லிமீட்டரே நீளும். சோதனைக்குழாய் சுடரைத் தாங்குவது இதனாலன்றோ?

இக்கண்ணாடியில் கைபழகத் தொடங்குவோர் மூன்றை மறத்தலாகாது. முதலாவது, இது எளிதில் இளகாது. எரிவளியோடு ஆக்சிசன் கலந்த கடுஞ்சுடர் வேண்டும். கண்ணுக்குத் தக்க காப்புக் கண்ணாடியும் வேண்டும். இரண்டாவது, சோடாக் கண்ணாடியோடு இதை ஒட்டலாகாது. சூட்டில் ஒட்டினும், ஆறும்போது சுருங்கும் அளவு வேறுபட்டுப் பிளந்துவிடும். மூன்றாவது, செய்து முடித்த பொருளை 560 பாகை செல்சியசு அளவிலான சூளையில் வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும்.

இம்மூன்றாவது பாடம் பழையதே. ஷாட்டின் கலவை விரிவைக் குறைத்ததேயன்றி அறவே நீக்கவில்லை. புதுக் கண்ணாடி வந்த பின்னும், பழங்கைவினைஞரின் பொறுமைக்கு வேலை போகவில்லை.