நட்புரிமையும் பெயர்வெளியும்

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, 'பத்தாலா' என்று தாம் குறித்த துறையிற் கரையிறங்கினார். அஃது இன்றைய புத்தளமே என்பர் வரலாற்றாசிரியர். ஆங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை நண்பராக ஏற்று, பல்லக்கும் யோகியர் நால்வரும் அந்தணர் மூவரும் பிற துணைவரும் ஈந்து, சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்தான். மன்னன் அளித்த நட்புரிமை பயணிக்கு வழி திறந்தது; ஆயின் அதனாலேயே வழியிலுள்ள ஊரெல்லாம் அவர் பெயரை அறிந்ததாகாது. உரிமை பெறுதல் வேறு. பெயர் அறியப்படுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் கணினிமொழி வரலாற்றில் நீடித்த பிழையொன்றை ஈண்டு நோக்குவோம்.

1979இல் பெல் ஆய்வுகூடத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய முயற்சியே 1983இல் சி பிளஸ் பிளஸ் எனப் பெயர் பெற்றது. அம்மொழியில் ஒரு வகுப்பின் அகத்தரவைப் பிறர் தொடவியலாது; வகுப்பே 'நண்பன்' என அறிவித்த சார்பு தொடலாம். 1990இல் வெளிவந்த விளக்கக் கையேட்டின்படி, அவ்வறிவிப்பாலேயே நண்பனின் பெயர் சூழ்ந்துள்ள வெளியிலும் பரவிற்று. பின்னர் வார்ப்புருக்களும் பெயர்வெளிகளும் மொழியிற் சேர்ந்தன. வார்ப்புரு உருப்பெறும்போது நண்பனின் பெயரும் வெளிப்பட்டது. எனவே, வார்ப்புரு முன்னரே உருப்பெற்றதா என்பதைப் பொறுத்து, ஒரே வரியின் பொருள் மாறக்கூடியதாயிற்று. பார்ட்டன், நாக்மன் இருவரும் 1994இல் தம் நூலில் இதனையே ஓர் உத்தியாகக் கையாண்டனர்.

1998ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் இதனை வரையறுத்தது. நண்பனின் பெயர் அண்மைப் பெயர்வெளிக்கு உரியதே. எனினும் அவ்வெளியில் தனியே அறிவிக்கப்படும்வரை பொதுத் தேடலுக்குப் புலப்படாது. அவ்வகுப்பின் பொருளொன்றை உடன் செலுத்தி அழைத்தால் மாத்திரம் அறியப்படும். ஆயினும் பலர் பயன்படுத்திய குனூ தொகுப்பான் பழைய வழக்கையே தொடர்ந்தது. 2006இல் வந்த அதன் 4.1ஆம் பதிப்பே அவ்வழக்கைக் கைவிட்டது. அதுவரை பழைய வழக்கை நம்பியிருந்த செய்நிரல்கள் தொகுக்கப்படாது நின்றன. அவற்றின் பொருட்டு, முன்னைய நடத்தையை மீட்கும் தெரிவொன்றும் விட்டுவைக்கப்பட்டது.

எட்டாண்டு காலம் தொகுப்பானை நம்பி எழுதியவன் குற்றவாளியா? இலக்கணம் பயிலும் நாம் இவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது. மக்கள் மொழியில் வழக்கு நிலைபெற்றால் இலக்கணம் வளைந்து கொடுக்கும். கேட்போன் இடமறிந்து பொருள் கொள்வான் ஆதலின். பொறிக்கு அவ்விடமறிவு இல்லை. ஆகவே ஆங்கு விதியை நிலைநாட்டியது நன்று. வழக்கை நம்பியோர்க்குத் திருத்திக்கொள்ள அவகாசம் அளித்தது அதனினும் நன்று.