கூழ், மா, உடம்பு: கரவெட்டியில் சாப்பாட்டுக் கோப்பை மாறின கதை

உடம்பைக் குறைக்க நினைக்கிற ஆள் இண்டைக்கு முதலில் தேடுறது ஒரு டயற் பட்டியலை. கொரிய நாடகம் பார்க்கிற எங்கட தலைமுறைக்குக் கொரியப் பட்டியல்களும் வந்து சேருது. ஆனால் கொரிய மரபு மருத்துவம் எல்லாருக்கும் ஒரே பட்டியலைக் குடுக்கேல்லை. லீ ஜே-மா என்ற மருத்துவர் 1894இல் எழுதி முடித்த நூல் மனிதரை நான்கு உடல்வகைகளாகப் பிரிக்கிறது. ஒருவருக்கு ஒத்துவாற சாப்பாடு மற்றவருக்கு ஒத்துவராது என்பதுதான் அதன் அடிப்படை.

எங்களுக்கும் இது புதிதில்லை. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் பார்த்தே உணவு சொல்லும். உடற்பருமனுக்கு அங்கே அதிதூலம் என்று பேர். யாழ்ப்பாணத்தின் பழைய மருத்துவ நூலான பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 தொடக்கம் பாகம் பாகமாக அச்சேற்றினார்.

அப்ப, கரவெட்டிச் சனம் முந்தி மெலிஞ்சு இருந்தது வைத்தியர் சொல்லித்தானோ? இல்லை. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது; மாரி மழையை நம்பி நெல் வருசத்துக்கு ஒரு போகம்தான். மிச்சத்துக்குக் குரக்கன், சாமை, பனை. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அந்த மாவில் பிட்டு அவிப்பார்கள், கூழ் காய்ச்சுவார்கள். கூழுக்குள் மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, கீரை எல்லாம் போகும். சாப்பிட்டதைக் கரைக்கத் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைக்கிற வேலை இருந்தது. காணியில்லாத, சாதியால் ஒடுக்கப்பட்ட வீடுகளில் கூழ் விருப்பச் சாப்பாடில்லை. வேற வழியில்லாத சாப்பாடு. அந்தப் பசிக்கு ‘பாரம்பரிய டயற்’ எண்டு பேர் வைக்கக் கூடாது.

பிறகு கோப்பை மாறியது. இரண்டாம் உலகப் போரோடு பங்கீட்டு அரிசி வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை கோதுமை மா அரைக்கத் தொடங்கியது. யுத்த காலத்து நிவாரணத்திலும் அரிசி, மா, சீனி, பருப்புத்தான். துலா நிண்ட இடத்தில் இறைப்பு மிசின் வந்தது. உழைப்புக் குறைந்தது, சோறும் பாணும் குறையேல்லை.

ஆகவே ஒரு பிள்ளையைப் பார்த்து ‘கொழுத்துப் போனாய்’ எண்டு சொல்ல முதல் இந்த வரலாற்றையும் யோசிக்க வேணும். அது அந்தப் பிள்ளையின்ர வாய்க்கட்டுப்பாட்டுக் கதை மட்டுமில்லை. ஒரு மாதம் பட்டினி கிடந்து குறைச்ச நிறை அடுத்த கலியாணவீட்டோட திரும்பி வந்திடும். பசித்த பிறகு சாப்பிடுறது, இரவுச் சாப்பாட்டை நேரத்தோட முடிக்கிறது, சோற்றைக் குறைச்சுக் கீரையையும் மீனையும் கூட்டுறது: இவை வருசக்கணக்காய்ச் செய்யக்கூடியவை. ஒடியல் மாவும் குரக்கன் மாவும் இண்டைக்கும் நெல்லியடிச் சந்தைப் பக்கம் வாங்கலாம். இப்ப அதைத் தெரிவு செய்து சாப்பிட எங்களுக்கு வழி இருக்கு. எங்கட பூட்டிமாரில் கனபேருக்கு அந்தத் தெரிவு இருக்கேல்லை.