தாளுக்கு முன் ஊர்: பல்துறைச் சமூக அறிவியல் இளங்கலைப் படிப்பில் களத்தின் இடம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே மாணவர்கள் கையில் வினாநிரல் ஒன்றைக் கொடுத்து, ஊருக்குப் போகும்போது அங்குள்ள நிலைமையைத் திரட்டிவரச் சொன்னார். அவர்கள் திரட்டியவற்றின் தொகுப்பு 1918இல் நூலாயிற்று. இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய அவ்வூர்களை பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள். மாணவர் வேலையாகத் தொடங்கியது தென்னிந்திய வேளாண் மாற்றத்துக்கான நெடுங்காலச் சான்றாக வளர்ந்ததற்கு, அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றதே காரணம். பல்துறைச் சமூக அறிவியல் இளங்கலைப் படிப்பைத் திட்டமிடுவோர் தாள்களைப் பட்டியலிடும் முன் ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

இப்போதைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. வரலாறு, பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றிலிருந்து துறைக்கொரு தாளை எடுத்து அடுக்கிவிட்டுப் பல்துறை என்கிறோம். களத்துக்கு மிஞ்சுபவை: சமூக ஈடுபாட்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல் பரிந்துரைத்த 2 கிரெடிட் ஒரு பக்கம்; 1969 முதல் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் முகாம் மறுபக்கம். முகாமின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மரக்கன்று நட்டுக் கால்வாய் தூர்வாரித் திரும்பும் மாணவருக்கு அந்தக் கால்வாய் ஏன் தூர்ந்தது என்று கேட்க நேரமிருப்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் துறைகள் தாமாகவே வந்து சேரும். ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி அரசின் நீர்வளத் துறையிடமும், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும், இது ஆட்சியியல். கிணறும் பம்புசெட்டும் வந்தபின் வசதியுள்ள விவசாயிக்கு மதகைப் பற்றிய கவலை குறைந்தது, இது பொருளியல். மடை திறந்து நீர் பங்கிட்ட நீர்க்கட்டி வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களின் மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அவர்களின் பிள்ளைகள் அதை உதறிவிட்டு வெளியூர் வேலைக்குப் போனதை நீர் மேலாண்மையின் சரிவு என்று எழுதுவதா, விடுதலை என்று எழுதுவதா? உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தைப் பெருமையோடு கற்பிக்கும் வரலாற்று ஆசிரியரும், வாரியத்துக்குள் யார் நுழைய முடிந்தது என்ற கேள்வியை இங்கே தவிர்க்க முடியாது. மீன்பாசிக் குத்தகைப் பணம் எங்கே போகிறது என்பதற்கு எந்தத் துறை பொறுப்பு என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

இவ்வாறு படித்தால் எதிலும் ஆழம் இராது என்பது முதல் மறுப்பு. உண்மையில் களம்தான் ஆழத்தைக் கட்டாயப்படுத்துகிறது. மாதிரியெடுப்பு தெரியாதவர் 20 வீடுகளில் கேட்டுவிட்டு ஊரே சொன்னது என்று எழுதிவிடுவார். ஆகவே முதலாண்டில் புள்ளியியலும் நேர்காணல் முறையும் கட்டாயமாக வேண்டும். இரண்டாவது மறுப்பு வலுவானது: புதுப்பெயர் கொண்ட பட்டம் பெற்றவர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முன் இணைத்தன்மை ஆணைக்காக அலைய நேரும். முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் இந்த ஆபத்தைத் தள்ளிவிட்டுப் புதுமை பேசுவது முறையாகாது. பட்டத்தின் பெயரும் முதன்மைத் தாள்களும் ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஒரு துறையில் நிற்க, களமும் பிற துறைகளும் அதைச் சுற்றி அமைவதே இப்போதைக்குச் சரியான ஏற்பாடு. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இது எளிது.

மூன்றாவது மறுப்பு ஊர்க்காரர்களுடையது: வருகிறீர்கள், கேட்கிறீர்கள், எங்களுக்கு என்ன? ஸ்லேட்டரின் முயற்சியிலும் இக்குறை உண்டு. 1916இல் கல்லூரியை எட்டியவர்கள் பெரும்பாலும் உயர்சாதி, நிலவுடைமைக் குடும்பத்தினர். சேரியில் அவர்கள் என்ன கேட்டிருக்க முடியும், அங்கிருந்தவர்கள் என்ன சொல்லியிருக்க முடியும் என்பது யோசிக்கத்தக்கது. நூலும் ஆங்கிலத்தில் வந்தது. புதிய படிப்பில் மாணவர் அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். ஊராட்சியின் இசைவோடு கிராம சபையில் வாசிக்கப்பட்டு, அங்கு எழும் திருத்தங்களுக்குப் பதில் எழுதிய பிறகே மதிப்பெண் தரப்பட வேண்டும். அக்டோபர் 2 கிராம சபை ஒரு பருவத்திலும் ஜனவரி 26 கிராம சபை அடுத்த பருவத்திலும் வருவதால், கல்லூரி நாட்காட்டியில் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படாது.