கரிசல் நிலத்து வீடுகளும் சுவர் வெடிப்பும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களின் கரிசல் மண்ணில் நீரை உறிஞ்சிப் பருக்கும் மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண் கனிமம் மிகுந்திருப்பதால், அம்மண் மழைக்காலத்தில் உப்பியும் கோடையில் சுருங்கியும் ஆண்டுதோறும் அசைந்துகொண்டேயிருக்கிறது. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியிலுள்ள மண் ஈரத்தை எளிதில் இழப்பதில்லை. வெளிச்சுவரை ஒட்டிய மண்ணோ வெயிலில் காய்ந்து இறங்குகிறது. இவ்வேறுபாட்டைத் தாங்கமாட்டாத சுவர், கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிக்கிறது.

சிமென்ட் பரவுவதற்கு முன் காரைவீடுகளின் வெடிப்பை அடைக்கச் சுண்ணாம்பே பயன்பட்டது. சூளையில் சுட்ட சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ நீரூற்றி நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் கலந்து பக்குவப்படுத்தினர். வெடிப்பின் உதிரும் ஓரங்களைக் கொத்தி நீக்கி, நீர் தெளித்து நனைத்த பின்னரே கொத்தனார் அச்சாந்தைக் கரணையால் அழுத்தி நிரப்பினார். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லவே இறுகும் இச்சாந்து, சுவரின் சிறு அசைவுக்கு ஓரளவு இடங்கொடுத்தது. அதில் எஞ்சிய சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து, மயிரிழைக் கீறல்களில் மீண்டும் படிந்து அவற்றை மூடுவதும் உண்டு. பொங்கலுக்கு முன் அடிக்கும் வெள்ளையும் நுண்கீறல்களை நிரப்பியதால், அதை அழகுக்கான வழக்கமாக மட்டும் கருதுவது பொருந்தாது.

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமென்ட், 1904இல் சென்னையில் சிறிய அளவில் உற்பத்தி செய்யப்பட்டது. 1949இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் ஆலை தொடங்கியபின் தென்மாவட்டங்களுக்கு அருகிலேயே கிடைக்கும் பொருளாயிற்று. புதுக் கட்டடங்களுக்கு அதன் வலிமை பெரும் நன்மை. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பில் அதை நிரப்பும் வழக்கம் வருந்தத்தக்க கேட்டையே விளைவித்தது. சுவரைவிடக் கடினமான அடைப்பு சுவரோடு இசைந்து அசையாமல், தன் அருகிலேயே புதிய வெடிப்பைத் தோற்றுவித்தது. கோடையில் அகன்ற வெடிப்பை அவ்வாறு இறுக்கி அடைத்துவிட்டால், மழைக்குப்பின் சுவர் பழைய நிலைக்குத் திரும்ப இடமின்றி, அடுத்த கோடையில் மேலும் விலகுகிறது.

குறை சுவரில் அன்று, மண்ணில் இருக்கிறது என்ற தெளிவே அடுத்த திருப்பத்துக்கு வழிவகுத்தது. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென ‘அண்டர்ரீம்டு பைல்’ எனப்படும் அடித்தூண் முறையை வளர்த்தெடுத்தது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்தில், பருவ ஈரமாற்றம் எட்டாத அடுக்கில், தூணின் அடிப்பகுதி அதன் விட்டத்தைப்போல் பெரும்பாலும் இரண்டரை மடங்கு குமிழாக விரிக்கப்படுவதால், மேல்மண் உப்பினாலும் தூண் மேலெழாமல் ஊன்றி நிற்கிறது.

முன்பே கட்டிய வீடுகளுக்கு இது எளிதில் பொருந்தாது. அங்கே வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் பதித்து, அது முறிகிறதா என்று ஒரு மழையும் ஒரு கோடையும் கவனித்து, வீட்டைச் சுற்றித் தளமிட்டு மழைநீரை விலக்கிய பின்னரே பூச்சுவேலையைத் தொடங்குவது தகும். அப்போதும் சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.