பாவுன்-போர்-தேவுஷ்: பெயரில் தங்கிய ரொட்டி

நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். போர்ச்சுகலின் ஊர்ப்புறங்களில் அன்று காலையில் சிறுவர் சிறுமியர் துணிப்பையுடன் கூட்டமாகக் கிளம்பி, வீட்டுக்கு வீடு நின்று 'பாவுன்-போர்-தேவுஷ்' கேட்பார்கள். கேட்கும் பண்டத்துக்கும் அந்த வழக்கத்துக்கும் பெயர் அதுவே. பையில் விழுபவை அக்ரூட், உலர்ந்த அத்தி, மாதுளை, கஷ்கொட்டை, தேனும் சோம்பும் சேர்த்துச் சுட்ட 'புரோவா' என்னும் பணியாரம். இப்போது மிட்டாயும் சில்லறைக் காசும் சேர்ந்துவிட்டன. பெயரில் இருக்கும் ரொட்டியைத்தான் பையில் தேட வேண்டியிருக்கிறது.

'பாவுன்' என்றால் ரொட்டி. 'பானிஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. கடல்வழி வந்த போர்ச்சுகீசியர் இதைக் கிழக்கிலும் விட்டுச் சென்றனர். கோவாவிலும் மும்பையிலும் அது 'பாவ்'. இலங்கைத் தமிழில் 'பாண்'. யாழ்ப்பாணத்தார் காலையில் கடையில் வாங்கும் பாணும் இந்தத் திருநாளின் பெயரில் உள்ள ரொட்டியும் ஒரே சொல்தான்.

'போர் தேவுஷ்' என்பதற்குக் 'கடவுளின் பொருட்டு' என்று பொருள். இது பண்டிகைக்கென்று பிறந்த தொடர் அன்று. பிச்சை கேட்பவரின் வாய்ச்சொல். பக்கத்து ஸ்பானிய மொழியில் 'போர் தியோஸ்' என்று இரந்து நிற்பவனுக்கு 'போர்தியொசேரோ' என்றே பெயர் அமைந்துவிட்டது. இடைச்சொல்லை மாற்றிப் 'பாவுன்-தெ-தேவுஷ்' என்றால் பொருள் வேறு: தேங்காய்த் துருவல் மேலே பூசிய இனிப்பு ரொட்டி. அதை எந்த நாளிலும் பேக்கரியில் வாங்கலாம்.

திருநாளுக்கு மறுநாள், நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். இறந்தவர் ஆன்மாவுக்காக ஏழைகளுக்கு உணவு கொடுப்பது கத்தோலிக்க ஐரோப்பாவில் பரவலாக இருந்த வழக்கம். இங்கிலாந்திலும் அதற்கெனத் தனிப் பணியாரம் சுட்டார்கள். பாவுன்-போர்-தேவுஷின் வேர் இங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் மக்கள் நாவில் வழங்கும் கதை வேறு. 1755 நவம்பர் 1 காலை, தேவாலயங்கள் நிரம்பியிருந்த நேரத்தில் லிஸ்பனை நிலநடுக்கம் தகர்த்தது. பின்னாலேயே கடல் புகுந்தது, தீயும் பரவியது. மறு ஆண்டு அதே நாளில், எல்லாம் இழந்தவர்கள் வீடு வீடாக ரொட்டி கேட்டதே வழக்கத்தின் தொடக்கம் என்பார்கள். இரப்போர் வழக்கம் அதைவிட மிகப் பழையது. பேரழிவு பெரியோரையும் தெருவில் இறக்கி, இருந்த வழக்கத்துக்குப் புது அழுத்தம் தந்திருக்கலாம். பிறப்பித்தது என்பது பொருந்தாது. காலப்போக்கில் இரத்தல் குழந்தைகளின் உரிமையாகச் சுருங்கியது.

பெயரும் முறையும் நாடெங்கும் ஒன்றாக இல்லை. லெய்ரியா பக்கம் 'பணியார நாள்' என்கிறார்கள். கோயிம்ப்ரா வட்டாரத்தில் பூசணிக்காயையோ அட்டைப்பெட்டியையோ குடைந்து, உள்ளே விளக்கு வைத்துப் பாடிக்கொண்டு போவார்கள். ஹாலோவீன் இறக்குமதி என்று முணுமுணுப்போர் இதையும் கவனிக்க வேண்டும்.

போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் குடிபெயர்ந்தவர்கள் வழியாகப் 'பாவுன்-போர்-தேவுஷ்' என்ற சொல் பிரேசிலின் சாந்தா கத்தரினாவை அடைந்தது. அங்கே அது இதய வடிவில் நுணுக்கமாக வெட்டிய காகிதம்; செய்யுள் எழுதி அனுப்பிப் பரிசு கேட்பதற்கு உரியது. ரொட்டியும் பையும் அங்கே மறைந்தன, கேட்பது மட்டும் எஞ்சியது.

போர்ச்சுகலில் 2013 முதல் சிக்கன நடவடிக்கையாக நவம்பர் 1-இன் அரசு விடுமுறை நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு அது பள்ளி நாளானதால் குழந்தைகள் காலையில் சுற்றுவது தடைப்பட்டது. 2016இல் விடுமுறை மீண்டது.