செங்கல் மாளிகையும் முருகைக்கற் கோட்டையும்

கட்டடம் அமைப்போனுக்கு முதல் ஆசான் அவன் நிற்கும் மண்ணே. அரசர் ஆணையும் செல்வர் விருப்பும் அதன் பின்னரே வருவன. நெடுந்தீவுக் கோட்டையை ஆங்கில நாட்டு மாளிகையொன்றுடன் ஒப்புநோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும்.

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலே நல்ல கட்டடக்கல் அரிது. ஆதலின் அங்குள்ள செல்வர் செங்கல்லையே தம் பெருமைக்கு அடையாளமாகக் கொண்டனர். சேர் ஹென்றி ஹோபாட் என்னும் நீதிபதி 1616இல் பிளிக்ளிங் நிலத்தை வாங்கி, றொபேட் லைமிங் என்னும் சிற்பியைக் கொண்டு எழுப்பிய செம்மாளிகை அத்தகையது. அதன் வளைந்த முகட்டுச் சுவர்கள் ஒல்லாந்தரின் கட்டட முறையைத் தழுவியவை.

அக்காலத்திலேயே, 1619இல், யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர், தம் நகரொன்றின் பெயரை நெடுந்தீவுக்கு இட்டு டெல்வ்ற் என வழங்கினர். இத்தீவின் மண்படலம் மிக மெல்லியது. சிறிது தோண்டினும் முருகைக்கல்லே எதிர்ப்படும். குடியானவர் அதனைச் சாந்தின்றி அடுக்கிக் கல்வேலி அமைத்தனர். ஆட்சியாளர் அதனையே சுண்ணச்சாந்தால் இணைத்துக் கோட்டை எழுப்பினர்.

வடகரையிலுள்ள அக்கோட்டை இரு தளங்களை உடையது. போர்த்துக்கேயர் கட்டியதெனப் பொதுவாகக் கொள்ளப்படினும், ஊரார் அதனை மீகாமன் கோட்டை என்பர். பழங்கதை மாந்தன் ஒருவனது பெயரை அந்நியர் கோட்டைக்குச் சூட்டியமை, தம் மண்ணின் கல்லைத் தமதென்றே மக்கள் கருதியமையைக் காட்டும் போலும். ஒல்லாந்தர் காலத்ததெனப்படும் புறாக்கூடும், குதிரை இலாயத் தூண்களும் இக்கல்லின் ஆக்கங்களே. குதிரை வளர்ப்பு ஆங்கிலேயர் ஆட்சியிலும் தொடர்ந்தது; லெப்டினன்ற் நோலன் என்பார் அப்போது தீவை நிருவகித்தார்.

முருகைக்கல் நுண்டுளைகள் நிறைந்தது, வெட்டுதற்கு எளியது. ஆயினும் அதற்குக் காவல் மேற்பூச்சாகிய சுண்ணாம்பே. பூச்சு உதிர்ந்தால் மழைநீர் உட்புகும். பொருத்துகளில் வேர் இறங்கும். கூரையிழந்த சுவர் மெல்லமெல்லப் பிளக்கும்.

பிளிக்ளிங் மாளிகையை அதன் உரிமையாளரான லோதியன் பிரபு 1940இல் இறந்தபொழுது, தேசிய நம்பிக்கைச் சபையிடம் விட்டுச் சென்றார்; அது இன்றும் பேணப்படுகின்றது. நெடுந்தீவுக் கோட்டையோ கூரையற்ற இடிபாடாக நிற்கின்றது. செங்கல்லின் வலிமையும் முருகைக்கல்லின் மென்மையும் இவ்வேறுபாட்டுக்கு முழுக்காரணமாகா. காப்பாரின் அக்கறையே பெரிது. கோட்டையினின்று பெயர்ந்த கல் ஒரு வேலியிற் சேருமாயின், ஏனைய கற்களினின்று அதனைப் பிரித்தறிதல் எவர்க்கும் ஆகாது. எனவே எஞ்சிய சுவர்களை அளந்து, படம் வரைந்து, பூச்சைப் புதுக்கிக் காத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.