பழைய லென்ஸும் புதிய கமராவும்

படச்சுருள் காலத்தில் வாங்கிய லென்ஸ்களை நம்மில் பலர் இன்னும் எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறோம். பொருத்தமான இணைப்பு வளையம் ஒன்று இருந்தால் அவற்றுள் பலவற்றை இன்றைய டிஜிட்டல் கமராவில் பூட்டிவிடலாம். ஆனால் சிலவற்றில் படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் இருண்டும் மங்கியும் வரும். லென்ஸ் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மாறியிருப்பது லென்ஸ் அல்ல, ஒளி போய் விழும் தளம்.

படச்சுருள் சரிந்து வரும் ஒளியையும் பெருமளவு ஏற்றுக்கொள்ளும். டிஜிட்டல் உணரியின் ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு சிறு கிணறு போன்றது. நேராக விழும் ஒளி அடிவரை போகும். சரிந்து வருவதில் ஒரு பகுதி வீணாகும். உணரியின் முன்னால் உள்ள கண்ணாடி வடிகட்டிகளும் சரிந்த ஒளியைச் சற்று விலக்கி, ஓரங்களின் கூர்மையைக் குறைக்கின்றன. பின்கண்ணாடி தளத்துக்கு மிக நெருங்கி நிற்கும் அகலக்கோண லென்ஸ்களில் இந்தக் குறை அதிகம்.

இதற்கு இரு பக்கமிருந்தும் தீர்வு வந்தது. 2003இல் ஈ-1 கமராவை வெளியிட்ட ஒலிம்பஸ், ஒளி உணரியில் ஏறக்குறைய நேராக விழும்படி லென்ஸ்களையே புதிதாக வடிவமைத்தது. பழைய லென்ஸ்களைக் கைவிட விரும்பாத லைக்கா, 2006இல் வந்த எம்8 கமராவில், படப்புள்ளிகளின் மேலுள்ள நுண்வில்லைகளை ஓரங்களை நோக்கிச் செல்லச் செல்லச் சற்று நகர்த்தி அமைத்தது.

இன்னொரு சிக்கல் எதிரொளி. உணரியின் மேற்பரப்பு பளபளப்பானது. அதில் பட்டுத் திரும்பும் ஒளி லென்ஸின் பின்கண்ணாடியில் மோதி மீண்டும் உணரிக்கே வந்தால், படத்தில் வெளிறிய புள்ளிகள் தோன்றும். அதனால் பின்கண்ணாடிகளின் பூச்சிலும் வளைவிலும் இப்போது கூடுதல் கவனம் செலுத்துகிறார்கள்.

கண்ணாடி கமராக்கள் போய், கண்ணாடியில்லாத கமராக்கள் வந்தபோது லென்ஸுக்கும் உணரிக்குமான இடைவெளியும் சுருங்கியது. நிக்கோனின் பழைய எஃப் பொருத்தியில் அது 46.5 மில்லிமீற்றர், 2018இல் வந்த இசட் பொருத்தியில் 16 மில்லிமீற்றர். பொருத்தியின் வாயும் அகலமானதால் பெரிய பின்கண்ணாடிகளை வைக்க முடிகிறது. மிஞ்சும் 30.5 மில்லிமீற்றரை இணைப்பு வளையம் நிரப்புவதால்தான் பழைய லென்ஸும் அங்கே வேலை செய்கிறது.

ஆகவே எறிவதற்கு முன் சோதித்துப் பார்ப்போம். ஒரு செங்கல் சுவரை, துவாரத்தை முழுதாகத் திறந்து ஒரு முறையும், எஃப் 8இல் ஒரு முறையும் எடுத்து ஓரங்களை ஒப்பிடுவோம். பழைய கண்ணாடி கமராக்களின் 50 மில்லிமீற்றர் லென்ஸ்கள் பெரும்பாலும் இதில் தேறிவிடும். உணரி சிறிய ஏபிஎஸ்-சி அளவாக இருந்தால், அதே லென்ஸ் ஏறக்குறைய 75 மில்லிமீற்றர் லென்ஸின் பார்வையைத் தரும். முகப்படம் எடுக்க அது நல்ல அளவு.